கடைக்கு ஒரு முகம் வேண்டும்



நவராத்திரி வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளில் கொலுப் படிகள் ஏறிவிடும். மேல் படிகளில் தெய்வங்கள். கீழ்ப் படிக்கு வந்தால் அங்கே நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் செட்டியார் பொம்மை. பக்கத்தில் அவருடைய சம்சாரம். எதிரே சின்னச் சின்னக் கிண்ணங்களில் அரிசி, துவரம்பருப்பு, பயறு, மிளகாய் வற்றல். வீட்டுக் குழந்தைகள் மற்ற பொம்மைகளைத் தொட்டால் பெரியவர்கள் அதட்டுவார்கள். இந்தக் கடையை அடுக்கும் வேலையை மட்டும் குழந்தைகளுக்கே விட்டுவிடுவார்கள். பாட்டி காலத்துப் பெட்டியில் இருந்து எடுத்து, பஞ்சைப் பிரித்து, துடைத்து வைக்கிற அந்தப் பொம்மைக்கு ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பழக்கம் உண்டு.

இதே வியாபாரிக்கு இன்னொரு படமும் உண்டு. விலைவாசி ஏறும் நாட்களில் பத்திரிகைகளில் வரும் கேலிச்சித்திரங்களைப் பாருங்கள். பழைய சினிமாக்களைப் பாருங்கள். பெருந்தொந்தி, விரல் நிறைய மோதிரம், பின்னால் அடுக்கிய மூட்டைகள், முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. பதுக்கல்காரன் என்று கீழே எழுதக்கூட வேண்டியதில்லை, படமே சொல்லிவிடும். பொம்மையைப் பார்த்தவர் புன்னகைக்கிறார், கேலிச்சித்திரத்தைப் பார்த்தவர் நம்மைச் சந்தேகத்துடன் பார்க்கிறார். இரண்டுமே நம் முகம்தான். ஆனால் இரண்டையும் வரைந்தவர்கள் நாம் அல்ல.

நம் முகத்தை நாமே வரைந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. பெரிய கம்பெனிகள் மட்டும் செய்கிற காரியம் இது என்று ஒதுக்கிவிடாமல், ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் இதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

நாக்கு நீட்டிய பையன்

முதலில் என் சொந்தக் கதை. பெரிய கடை வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் தகப்பனார் மளிகைக் கடை வைத்தார். அந்த நாளில் போர்டு எழுத வந்த பெயிண்டர், கடைப் பெயரை எழுதி முடித்த பிறகு மீதி இடத்தில் ஒரு பையனை வரைந்தார். தலையில் எண்ணெய் டின், இடுப்பில் துண்டு, பாரம் தாங்காமல் வாயோரம் லேசாக எட்டிப் பார்க்கிற நாக்கு. என் தகப்பனார் கேட்டு வாங்கிய படம் அல்ல அது. கூலிக்கு மேல் இரண்டு ரூபாயும் ஒரு தேநீரும் கொடுத்தார் என்று சொல்லுவார். நாளடைவில் எங்கள் கடையின் பெயரைச் சொன்னால் தெரியாதவர்களும், ‘நாக்கு நீட்டிய பையன் கடை’ என்றால் வழி சொன்னார்கள்.

2006-ல் நான் கடையைப் புதுப்பித்தேன். பழைய தகரப் போர்டை இறக்கிவிட்டு ஃபிளெக்ஸ் மாட்டினேன். ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்தவர் கம்ப்யூட்டரில் தேடி, உயரமான வெள்ளைத் தொப்பியும் முறுக்கு மீசையும் வைத்த ஒரு வெளிநாட்டுச் சமையல்காரர் படத்தைப் போட்டுக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே சமையல்காரர் ஒரு புரோட்டா கடையிலும், ஒரு பாத்திரக் கடையிலும் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்ரீரங்கத்தில் இருந்து மாதாமாதம் சாமான் வாங்க வரும் மாமி ஒருவர், அந்த மாதம் தாம் வர முடியாமல் பேரனிடம் சிட்டையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ‘பையன் படம் போட்ட கடை’ என்று அடையாளம் சொல்லியிருக்கிறார். பேரன் சந்தை இரண்டு முறை சுற்றிவிட்டு, அப்படி ஒரு கடையே இல்லை என்று வேறு கடையில் வாங்கிப் போய்விட்டான். அடுத்த மாதம் மாமியே வந்தார். அண்ணாந்து போர்டைப் பார்த்தார். “ஏம்ப்பா, அந்தப் பையனை எங்கே காணோம்? வேலையை விட்டு நிறுத்திட்டியா?” என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய போர்டைத் தேடிப் போனேன். கிட்டங்கியில் கூரை ஒழுகாமல் இருக்க மேலே போட்டு வைத்திருந்தார்கள். பெயிண்ட் உரிந்து பையனின் கால் மட்டும் மிச்சம். வரைந்த பெயிண்டர் காலமாகிவிட்டார். ஒரு போட்டோகூட இல்லை. கடைசியில் இன்னொரு பழைய பெயிண்டரைப் பிடித்து, ஞாபகத்தில் இருந்ததைச் சொல்லிச் சொல்லி வரையச் செய்தேன். நான்கு தடவை வரைந்தார். டின் சரியாக இருந்தது, துண்டு சரியாக இருந்தது, ஆனால் அது எங்கள் பையனாக இல்லை. ஐந்தாவது தடவை நாக்கை வாயின் நடுவில் இருந்து ஓரத்துக்கு நகர்த்தினார். உடனே பையன் வந்துவிட்டான். ஒரு முகத்தை அடையாளம் காட்டுவது இவ்வளவு சின்ன விஷயம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்த முத்திரை

சரக்கின் மேல் படம் போடுவது நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் மான்செஸ்டரில் இருந்து வந்த துணிக் கட்டுகளில் யானை, புலி, தெய்வ உருவம் என்று வண்ண லேபிள் ஒட்டி அனுப்பினார்கள். எழுத்து தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிய பிறகு, லேபிள் அச்சடிப்பதே அந்த ஊருக்குத் தனித் தொழில் ஆயிற்று. கிளி, மயில், கப்பல், சாவி என்று இரண்டு அங்குலத்துக்குள் அடங்கிய அந்தப் படங்கள்தான் தீப்பெட்டிக்குப் பெயர். நம் திருச்சியில் இருந்து நாடு முழுவதும் போகிற லயன் பேரீச்சம்பழத்தையும் சிங்கத்தைக் கொண்டுதானே அடையாளம் காண்கிறோம்?

ஆனால் முத்திரை வேறு, பாத்திரம் வேறு. கிளியும் சாவியும் சரக்கை அடையாளம் காட்டும், அதோடு அவற்றின் வேலை முடிந்தது. பாத்திரம் என்பது மனநிலை உள்ள உருவம். அது சிரிக்கும், வெட்கப்படும், அசடு வழியும், பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொள்ளும். வாடிக்கையாளர் அதோடு உறவு கொள்கிறார். மாமி என்னிடம் ‘போர்டு எங்கே’ என்று கேட்கவில்லை, ‘பையன் எங்கே’ என்று கேட்டார்.

பெரியவர்கள் செய்த வழி

நாடறிந்த சில உதாரணங்களைப் பார்க்கலாம்.

ஏர் இந்தியாவின் மகாராஜா 1946-ல் பிறந்தார். பாபி கூக்கா என்ற அதிகாரியின் யோசனைக்கு உமேஷ் ராவ் என்ற ஓவியர் உருக் கொடுத்தார். பெரிய விளம்பரத்துக்காகக்கூட அல்ல, குறிப்பு எழுதும் தாள்கட்டு ஒன்றுக்காகத்தான் முதலில் வரைந்தார்கள். பெரிய மீசை, தலைப்பாகை, குனிந்து வரவேற்கிற பணிவு. ராஜாவே குனிந்து வணங்குகிறார் என்கிற அந்த முரண்தான் அவரை மறக்க முடியாமல் செய்தது.

1954-ல் ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனிக்காக ஆர்.கே. லக்ஷ்மண் ஒரு குறும்புப் பையனை வரைந்தார். கையில் பிரஷ், பெயிண்ட் டப்பா, நெற்றியில் விழுந்த முடி. அவனுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பைப் பொதுமக்களுக்கே ஒரு போட்டியாக விட்டார்கள். ‘கட்டு’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தப் பையன் வேலை பார்த்தான். 2002-ல்தான் அவனுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பெயிண்ட் டப்பா தேடி வருகிற மேஸ்திரிக்குக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பையன் படம் போட்ட டப்பா என்றால் போதும்.

1966-ல் அமுல் வெண்ணெய்ச் சிறுமி வந்தாள். சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பர நிறுவனம், யூஸ்டஸ் பெர்னாண்டஸ் என்ற ஓவியர். புள்ளி போட்ட கவுன், உருண்டைக் கண்கள். அவளுடைய உருவம் அன்று முதல் இன்று வரை பெரிதாக மாறவில்லை, பேச்சுதான் மாறிக்கொண்டே இருக்கிறது. ஊரில் எது பேச்சோ அதைப் பற்றி ஒரு வரி வேடிக்கையாகச் சொல்வாள். அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று மக்கள் எதிர்பார்க்கும்படி வைத்ததுதான் அந்த விளம்பரத்தின் வெற்றி.

2002-ல் நம் ரயில்வே 150-வது ஆண்டைக் கொண்டாடியபோது ‘போலு’ என்ற யானைக் கார்டை வைத்தது. பொன்மலைப் பட்டறை இருக்கிற ஊர்க்காரர்களான நமக்கு அதைத் தெரியாமல் இராது. யானைப் படம் போட்டவர்கள் ஆயிரம் பேர் உண்டு. இந்த யானையின் கையில் ஒரு விளக்கைக் கொடுத்ததும் அது ரயில்வே யானை ஆகிவிட்டது.

வெளிநாட்டுக்குப் போனால், பிரான்ஸ் நாட்டு மிச்சலின் டயர்க்காரர்களின் கதை சுவையானது. 1894-ல் லியோன் நகரப் பொருட்காட்சியில் தங்கள் கடையில் அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்த சகோதரர்களில் ஒருவர், இதற்குக் கை இருந்தால் மனிதனைப் போலவே இருக்குமே என்று சொன்னாராம். 1898-ல் ஓகலாப் என்ற ஓவியர் அந்த டயர் மனிதனை வரைந்தார். சரக்கில் இருந்தே ஆள் கிளம்பி வந்தார் என்பதைக் கவனியுங்கள். நம் கடையிலும் சரக்குக்குப் பஞ்சமா? மூன்று கண்ணோடு முழித்துக்கொண்டிருக்கிற தேங்காய், இடுப்பில் சணல் கட்டிய பொட்டலம், தலைப்பாகை கட்டியது போல வாய் கட்டிய மூட்டை. கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள்.

அரங்கத்து ரெங்குடு

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நம் ஸ்ரீரங்கத்திலேயே ஒரு குரு இருக்கிறார். கார்ட்டூனிஸ்ட் மதன் 1947-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். ஆனந்த விகடனில் அவர் உலவவிட்ட ரெட்டை வால் ரெங்குடு, முன்ஜாக்கிரதை முத்தண்ணா, சிரிப்புத் திருடன் சிங்காரவேலு ஆகியோரை அறியாத வாசகர் அந்நாளில் இல்லை.

ஒரு வியாபாரியின் கண்ணோடு அவர்களைப் பாருங்கள். முதலாவது, ஆளுக்கு ஒரு குணம்தான். ரெங்குடுவுக்குக் குறும்பு, முத்தண்ணாவுக்கு அளவுக்கு மீறிய முன்யோசனை. ஒரே ஆளுக்கு வீரம், கருணை, புத்தி எல்லாவற்றையும் ஏற்றினால் எதுவும் மனசில் நிற்காது. இரண்டாவது, பெயரின் ஓசை. ரெட்டை வால் - ரெங்குடு. முன்ஜாக்கிரதை - முத்தண்ணா. சிரிப்புத் திருடன் - சிங்காரவேலு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த மோனைதான். ஒரு தரம் கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, மண்வாசனை. ரெங்குடு என்ற பெயரைக் கேட்டதும் அது எந்த ஊர்ப் பிள்ளை என்று விளக்க வேண்டியதில்லை.

வரைவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

கடைக்கு ஓர் உருவம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் வரைபவர்களிடம் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடைக்கு எந்தக் குணத்தால் பெயர் என்று முதலில் யோசியுங்கள். சரியான எடையா, விடியற்காலையில் திறப்பதா, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதா, பழைய அரிசியா? அந்த ஒன்றை உருவத்தின் குணமாக வையுங்கள். விடியற்காலைக் கடைக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டே கதவு திறக்கிற ஆள் போதும்.

கையில் தொழில் கருவி இருக்கட்டும். மொத்த அரிசி வியாபாரி என்றால் குத்தூசி, சில்லறைக் கடை என்றால் தராசு அல்லது படி, எண்ணெய்க் கடை என்றால் டின். காதில் செருகிய பென்சில் ஒன்றே போதும், இவர் கடைக்காரர் என்று சொல்லிவிடும்.

உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலைப் பார்த்தே இன்னார் என்று தெரிந்தால் நல்ல உருவம். அடுத்து, ஒரு அங்குல அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பிறகு எதிர்ச் சாரியில் நின்று பாருங்கள். இந்த மூன்றிலும் தேறாத படம் கடைக்கு ஆகாது. நம் கடை வாசல்களில் தொங்குகிற திருஷ்டிப் பூசணிக்காயைப் பாருங்கள். உருட்டிய கண், முறுக்கிய மீசை, தொங்கும் நாக்கு. தெருக் கோடியில் இருந்தே அதன் கோபம் தெரிகிறது. அதை எழுதியவர் எந்தக் கலைக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். எதைப் பெரிதாக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

புருவத்தையும் வாயையும் மாற்றினாலே முகபாவம் மாறும். ஆகையால் ஒரு படத்தோடு நிறுத்தாமல், நான்கைந்து பாவங்களை ஒரே தடவையில் வரைந்து வாங்கிவிடுங்கள். வணக்கம் சொல்வது ஒன்று, ‘சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று தலை சொறிவது ஒன்று, விலை ஏறிவிட்டதே என்று கன்னத்தில் கை வைப்பது ஒன்று, பொங்கலுக்குக் கரும்போடு ஒன்று, ‘நாளை கடை விடுமுறை’ என்று கையைப் பிசைவது ஒன்று. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று கடுகடுப்பாக எழுதி வைப்பதைவிட, உருவம் கைகூப்பி நிற்கிற படம் நம் பேச்சைக் கேட்க வைக்கும். கடை வாசல் கரும்பலகையில் அன்றைய பருப்பு விலையோடு உருவம் ஒரு வரி பேசட்டும். அமுல் சிறுமி சாலையோர விளம்பரப் பலகையில் செய்வதை நாம் இரண்டடிப் பலகையில் செய்யலாம்.

ஒரே வண்ணத்தில் நிற்கிற மாதிரி வரையச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பை தடை. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. கடைப் பெயர் போட்ட மஞ்சள் பை நம் பழைய விளம்பரப் பலகை. அதில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிச் செலவு. ஒற்றை வண்ணக் கோட்டில் உயிரோடு நிற்கிற உருவம் என்றால் பையும் மலிவாக முடியும். அந்தப் பை அம்மா மண்டபத்துக்கும் போகும், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் போகும், நம் முகத்தைக் கொண்டு போகும்.

நெற்றியில் எதுவும் வேண்டாம். சாதி, சமய அடையாளம் எதுவும் உருவத்தில் இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊரில் நம் கடைகளை இன்ன சமூகத்தார் கடை என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அது மற்றவர்கள் வைத்த அடையாளம். நாமாக வரைகிற முகம், படி ஏறி வருகிற எல்லாருக்கும் சொந்தமான முகமாக இருக்கட்டும்.

சாமி படம் பற்றி

இந்த ஊரில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. மலைக்கோட்டையும் 1987-ல் எழும்பி நிற்கிற ராஜகோபுரமும் பெருமாளும் நம் பாக்கெட்டுகளில் நிறைந்திருக்கிறார்கள். பக்தியால் போடுகிறோம், சரி. ஆனால் அரை கிலோ உளுந்து தீர்ந்ததும் அந்தப் பாக்கெட் எங்கே போகிறது? குப்பைத் தொட்டியில் கிடக்கும் பெருமாளைத் தாண்டிக்கொண்டுதான் நாம் கோயிலுக்குப் போகிறோம். வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் இது பயன்படாது. பத்துக் கடையின் பையிலும் ஒரே கோபுரம் இருந்தால் யாருடைய பை என்று எப்படித் தெரியும்? தெய்வத்தின் பெயரையும் புனித நூலின் பெயரையும் ஒருவர் தமக்கு மட்டும் என்று உரிமை கொண்டாடவும் முடியாது. ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்கு டிரேட் மார்க்காகக் கேட்ட வழக்கில், அப்படித் தனி உரிமை தர முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காந்தி மார்க்கெட்டில் கடை இருக்கிறது என்பதற்காகக் காந்தியடிகள் படத்தைச் சரக்கின் மேல் போடலாம் என்றும் எண்ண வேண்டாம். மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. சாமி பூஜை அறையில் இருக்கட்டும். பாக்கெட்டில் நம் ஆள் இருக்கட்டும்.

படம் யாருக்குச் சொந்தம்?

நாக்கு நீட்டிய பையனைப் பதிவு செய்யப் போனபோது என்னைக் கேட்ட முதல் கேள்வி, ‘வரைந்தவரிடம் எழுதி வாங்கினீர்களா?’ என்பது. பணம் கொடுத்துவிட்டால் படம் நம்முடையது என்றே நாம் நினைக்கிறோம். அப்படி நம்பி இருந்துவிடக் கூடாது. பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாகப் படைத்தவர்தான் முதல் உரிமையாளர். அவர் நம்மிடம் சம்பளத்துக்கு இருப்பவர் என்றாலோ, வேறு சில இனங்களிலோ நிலைமை மாறும். வாதத்துக்கு இடம் வைக்காமல், உரிமை மாற்றத்தை எழுத்தில் கையெழுத்தோடு வாங்கிவிடுவதே நல்லது. எத்தனை காலத்துக்கு, எந்த இடங்களுக்கு என்பதையும் அதில் எழுத வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். நன்றாகப் பெயர் எடுத்த ஆறாவது வருஷம் உருவம் கைவிட்டுப் போனால் என்ன செய்வது?

டிரேட் மார்க் பதிவுக்கு நமக்குச் சென்னை அலுவலகம். விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே போடலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகைக்குக் கட்டணம் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். அரிசி, மாவு, மசாலாவுக்கு 30-ஆம் வகை, சமையல் எண்ணெய்க்கு 29-ஆம் வகை, கடை நடத்தும் வியாபாரத்துக்கு 35-ஆம் வகை. பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு சீசனில் எலி தின்கிற சரக்கை எண்ணிப் பார்த்தால் இது பெரிய செலவல்ல.

இன்று கம்ப்யூட்டரே நொடியில் படம் போட்டுத் தருகிறது. அவசரத்துக்கு ஆகும். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சாயலில் சிரிக்கிற முகத்தைத் தருகிறது. என் வெள்ளைத் தொப்பிக்காரர் கதைதான் திரும்பவும் நடக்கும்.

ஒரு யோசனை

‘சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா’ என்று ஒரு பழமொழி உண்டு. சரக்கு நன்றாக இருந்தால் படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். சரக்கு நன்றாக இருப்பவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும். எடையில் குறைப்பவர் சிரிக்கிற உருவம் வைத்தால், ஊரார் அந்த உருவத்தைக் காட்டியே சிரிப்பார்கள். சரியாக நடக்கிற கடைக்கு மட்டும் அது முதலாகும். மாலில் எல்லாம் கிடைக்கிறது, போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் சாமான் வீட்டு வாசலுக்கு வருகிறது. கொண்டு வருகிற பையனின் முகம் தினம் ஒன்று, அவர்கள் கடைக்கு முகமே இல்லை. அவர்களோடு விலையில் மல்லுக்கு நிற்க நம்மால் ஆகாது. ‘நம்ம கடை’ என்று சொல்ல வைப்பது நம்மால் ஆகும்.

ஆகையால் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருகிற நவராத்திரியை ஒட்டி, ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை இழந்து நிற்கிற நம் ஊர் போர்டு பெயிண்டர்களையும், கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்களையும் ஒரு நாள் அழைக்கலாம். ஓவியர் கோபுலு படித்ததும் அந்தக் கும்பகோணத்தில்தான். விருப்பமுள்ள கடைக்காரர்கள் ஆளுக்கு ஒருவரோடு உட்கார்ந்து கடையின் கதையைச் சொல்லட்டும். படத்துக்குக் கூலியைப் பேசிக் கொடுப்போம், பேரம் பேசிக் குறைக்க வேண்டாம். உரிமைப் பத்திரத்துக்கு ஒரு மாதிரிப் படிவத்தைச் சங்கமே வழக்கறிஞரைக் கொண்டு தயாரித்து வைக்கட்டும். பெயர் வைக்கும் வேலையை வாடிக்கையாளர்களின் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம். கொலுவில் நம் கடையை அடுக்குகிறவர்கள் அவர்கள்தானே.

என் கடையில் பையன் மறுபடி மேலே ஏறிவிட்டான். அவன் ஏறிய வாரம் மாமியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கொஞ்சம் இளைச்சிருக்கான். ஆனா அவன்தான்” என்றார். அன்று சிட்டையில் இல்லாத இரண்டு சாமானும் சேர்த்து வாங்கிப் போனார்.